எலியும் பெரியப்பாவும் ஒரு ராத்திரி ஊசியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, தள்ளிப் போட்டுட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். கையில டீ இருந்தா நல்லது. நடுவுல அறிவியல் வரும், ஆனா பயப்படாதீங்க. நானே பத்தாங்கிளாஸ் பயாலஜியில பார்டர்ல பாஸ் ஆன ஆளு :-)

பேப்பர்ல எலி ஆராய்ச்சி பத்தி ஒரு செய்தி வந்தாப் போதும், மூணு கோஷ்டி கிளம்பிடும். "எலியிலதானே சார் பண்ணாங்க, அதை வெச்சு என்னத்தைச் சொல்றது?" - இது முதல் கோஷ்டி. "வாயில்லா ஜீவனை வதைச்சு நாம வாழணுமா?" - இது ரெண்டாவது. "எலிக்கு சரியாயிடுச்சாம், இன்னும் ரெண்டே வருஷத்துல நமக்கும் வந்துடும்"னு அஞ்சு நிமிஷத்துல ஊருக்கே அனுப்பி வைக்கிறது மூணாவது கோஷ்டி. உண்மையைச் சொல்லணும்னா நான் மூணுலயும் மாத்தி மாத்தி இருந்திருக்கேன். என்னை மூணுல இருந்தும் வெளியே இழுத்தது என் பெரியப்பா கேட்ட ஒரு கேள்வி.

பெரியப்பாவுக்கு மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில வர்ற ஒரு வகை ரத்தப் புற்றுநோய். சில மாசம் மருந்து கொடுத்து நோயை அடக்கின பிறகு டாக்டர் ஒரு திட்டம் சொன்னார். பெரியப்பாவோட சொந்த ரத்த ஸ்டெம் செல்களையே எடுத்து ஃப்ரீஸ் பண்ணி வெச்சுக்கணும். அப்புறம் மஜ்ஜையையே துடைச்சுப் போடற அளவுக்குக் கடுமையான மருந்து. அது முடிஞ்சதும் எடுத்து வெச்ச செல்களைத் திருப்பி ஏத்தணும். விதைநெல்லைப் பத்திரமா எடுத்து வெச்சுட்டு வயலைக் கொளுத்தற மாதிரி. விதைநெல் இல்லாம வயலைக் கொளுத்த முடியாது இல்லையா? அதனால முதல்ல செல் கிடைக்கணும். உடல் எடையில ஒரு கிலோவுக்குக் குறைஞ்சது 20 லட்சம் செல் வேணும்னு ஒரு கணக்கு இருக்கு.

இந்த செல்கள் சாதாரணமா மஜ்ஜைக்குள்ளதான் குடியிருக்கும். ரத்தத்துல அங்கொண்ணும் இங்கொண்ணுமா சுத்தும், அவ்வளவுதான். அதுகளை வெளிய கிளப்பி ரத்தத்துக்குக் கொண்டு வர்றதுக்குப் பேர்தான் மொபிலைசேஷன். அதுக்கு ஜி-சிஎஸ்எஃப்னு ஒரு ஊசி, தினமும் போடணும். நாலு நாள் போட்டாங்க. இடுப்பெல்லாம் வலின்னு பெரியப்பா முனகினார். அஞ்சாம் நாள் காலையில ரத்தத்தைப் பார்த்தா... செல் வரலை. இருக்க வேண்டியதுல பாதி கூட இல்லை. பெரியம்மா எதுவும் பேசலை. அந்த வராண்டாவுல நாங்க உட்கார்ந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

டாக்டர் வந்து, "இன்னொரு மருந்து இருக்கு, விலை அதிகம், ராத்திரி போட்டுட்டு காலையில பார்ப்போம்"னார். ப்ளெரிக்ஸாஃபார்னு பேரு. ராத்திரி பத்து மணிக்கு வயித்துல ஒரே ஒரு ஊசி. மறுநாள் காலையில எண்ணிக்கை பல மடங்கு ஏறியிருந்தது. மெஷினை மாட்டி ஒரே நாள்ல தேவையானதை எடுத்துட்டாங்க.

மெஷின்ல படுத்துக்கிட்டே பெரியப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏண்டா, நாலு நாள் கூப்பிட்டும் வராத பயலுக, ஒரு ராத்திரியில எப்படிடா வந்தானுங்க?"

எனக்குத் தெரியலை. "தெரியலை பெரியப்பா, பார்த்து சொல்றேன்"னேன். தேடப் போனவன் எலிப் பொந்துக்குள்ள போயிட்டேன் :-)

(எலின்னதும் வீட்டுல அரிசி மூட்டையைக் கடிக்கிற பெருச்சாளியை நினைக்காதீங்க. ஆராய்ச்சிக்கூடத்துல வளர்க்கிற சுண்டெலி. ஒரு கைக்குள்ள அடங்கிடும்.)

ரத்த ஸ்டெம் செல்னு ஒண்ணு இருக்குன்னு நிரூபிச்சதே எலிதான். 1961-ல கனடாவுல டொராண்டோவுல ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக்னு ரெண்டு பேர். கதிர்வீச்சு கொடுத்து மஜ்ஜை அழிஞ்சு போன எலிகளுக்கு வேற எலியோட மஜ்ஜை செல்களை ஏத்தினாங்க. கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா மண்ணீரல் மேல சின்னச் சின்ன முண்டு. ஒவ்வொரு முண்டும் ஒரே ஒரு செல்லுல இருந்து முளைச்சதுன்னு 1963-ல காட்டினாங்க. அடுத்து 1962-ல குட்மன், ஹாட்ஜ்சன்னு ரெண்டு பேர், மஜ்ஜை வேண்டாம், எலியோட ரத்தத்துலயே இந்த செல் இருக்குன்னு சொன்னாங்க. பெரியப்பா கையில குத்தின ஊசி வழியா ஸ்டெம் செல் எடுக்க முடிஞ்சதே, அதுக்கான முதல் விதை அங்கே இருக்கு.

ஜி-சிஎஸ்எஃப்? அதுவும் எலி தந்ததுதான். ஆஸ்திரேலியாவுல மெல்பர்ன். டொனால்ட் மெட்காஃப்னு ஒரு மனுஷர், 1960-கள்ல எலி மஜ்ஜையைத் தட்டுல வளர்த்து, எது இந்த செல்களைப் பெருக வைக்குதுன்னு தேட ஆரம்பிச்சவர். 1983-ல அவரோட குழு எலி ஜி-சிஎஸ்எஃப்பைத் தனியாப் பிரிச்செடுத்தது. எதுல இருந்து தெரியுமா? எலி நுரையீரலை ஊற வெச்ச திரவத்துல இருந்து. மனுஷனோட ஜீன் 1986-ல கிடைச்சுது. 1991-ல அமெரிக்காவுல மருந்தா அனுமதி.

இங்கதான் நான் எதிர்பார்க்காத ஒண்ணு. இந்த மருந்து ஸ்டெம் செல்லை ரத்தத்துக்குக் கிளப்பும்ங்கிறதை மருத்துவ உலகம் கவனிச்சது மனுஷன்கிட்ட. அதே மெல்பர்ன்ல, புற்றுநோயாளிகளுக்கு வெள்ளை அணு கூடட்டும்னு ஜி-சிஎஸ்எஃப் கொடுத்துப் பார்த்தாங்க. நாலு நாள்ல ரத்தத்துல ரத்தம் உருவாக்கும் முன்னோடி செல்கள் 100 மடங்கு வரைக்கும் ஏறியிருந்தது. 1988-ல அதை வெளியிட்டாங்க. அதே நாலு நாள்தான் பெரியப்பாவுக்கும்.

ப்ளெரிக்ஸாஃபார் கதையும் இப்படித்தான். அது முதல்ல எய்ட்ஸுக்கான மருந்தாத்தான் வந்தது. எச்ஐவி கிருமி செல்லுக்குள்ள நுழையற ஒரு வாசலை அடைக்கறதுக்காக. ஆரோக்கியமானவங்களுக்குக் கொடுத்துச் சோதிச்சப்ப வெள்ளை அணு சரசரன்னு ஏறுச்சு. எய்ட்ஸ் மருந்தா அது தேறலை. ஆனா இந்தப் 'பக்க விளைவு' என்னன்னு பிடிச்சுக்கிட்டுப் போனவங்களாலதான் 2008 டிசம்பர்ல ஸ்டெம் செல் கிளப்பற மருந்தா அனுமதி வாங்குச்சு.

அப்ப எலி எதுக்கு? மனுஷன்லயே தற்செயலா பார்த்துட்டாங்களே?

பார்த்தாங்க. ஆனா *ஏன்*னு தெரியாது. அந்த 'ஏன்' எலிக்குள்ள இருந்தது. 1996-ல ஜப்பான்ல நாகசாவா குழு ஒரு ஜீனை நீக்கின எலியை உருவாக்கினாங்க. சிஎக்ஸ்சிஎல்12-னு ஒரு புரதம் அந்த எலிக்குக் கிடையாது. அந்தக் குட்டிகள் பிறக்கிற சமயத்துலயே செத்துப் போச்சு. மஜ்ஜையில ரத்த உற்பத்தி கிட்டத்தட்ட காலி. இந்தப் புரதத்தைப் பிடிச்சுக்கிற கை சிஎக்ஸ்சிஆர்4. அதை நீக்கினாலும் அதே கதிதான்னு 1998-ல தெரிஞ்சுது. எச்ஐவி நுழையற வாசல்னு மேல சொன்னேனே, அது இந்த சிஎக்ஸ்சிஆர்4-தான்!

நம்ம ஊர் பாஷையில சொல்லணும்னா: மஜ்ஜையில இருக்கிற சிஎக்ஸ்சிஎல்12 ஒரு கட்டுத்தறி. ஸ்டெம் செல் மாடு. சிஎக்ஸ்சிஆர்4 கயிறு. ஜி-சிஎஸ்எஃப் கட்டுத்தறியை மெல்ல மெல்ல ஆட்டி ஆட்டிப் பிடுங்குது, அதுக்கு நாலஞ்சு நாள் ஆகுது. ப்ளெரிக்ஸாஃபார் நேரா கயித்தை அவுத்து விடுது. பெரியப்பா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். சொன்னேன். "அட, மாடு நல்ல மாடுதான், முளைக்குச்சிதான் ஆழமா இருந்திருக்கு"ன்னார் :-)

அவருக்குச் சொன்னதோட விஷயம் முடியலை. படிக்கப் படிக்க எனக்குள்ள ஒரு கருத்து உறுதியாச்சு. இந்தப் பதிவே அதுக்காகத்தான். எலி 'ஏன்'னு சொல்லும். 'எவ்வளவு', 'எப்போ', 'யாருக்கு'ன்னு கேட்டா சொல்லாது. அந்தக் கேள்விகளுக்கு எலிகிட்ட பதில் வாங்கி வந்தவங்கதான் ஏமாறுறாங்க, நம்மளையும் ஏமாத்துறாங்க.

ஒண்ணொண்ணா பார்ப்போம்.

எவ்வளவு? ஸ்டெம் செல் கிளப்ப மனுஷனுக்கு ஜி-சிஎஸ்எஃப் ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 10 மைக்ரோகிராம். எலிக்கு வழக்கமா கொடுக்கிறது 250 மைக்ரோகிராம். 25 மடங்கு! எலி டோஸை அப்படியே நமக்குக் கொடுத்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை.

எப்போ? ப்ளெரிக்ஸாஃபார் எலியில ஒரு மணி நேரத்துல உச்சம். மனுஷன்ல 6-ல இருந்து 9 மணி நேரம் ஆகுது. அதனாலதான் பெரியப்பாவுக்கு ராத்திரி ஊசி, காலையில மெஷின். இதைவிட சுவாரசியமானது ஒண்ணு இருக்கு. 2008-ல நியூயார்க்ல பால் ஃப்ரெனட் குழு கண்டுபிடிச்சது: மருந்தே கொடுக்காம விட்டாலும் ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு வர்றதும் போறதும் பகல்-இரவு கணக்குப்படிதான். எலியில விளக்கு எரிய ஆரம்பிச்சு அஞ்சு மணி நேரத்துல ரத்தத்துல செல் அதிகம், ராத்திரி கம்மி. நமக்கு? தலைகீழ். சாயங்காலம்தான் அதிகம். ஏன்னா எலி ராத்திரி விழிச்சிருக்கிற பிராணி, பகல்ல தூங்குது. விளக்கை அணைக்காம தொடர்ந்து எரிய விட்டா எலியோட இந்தத் தாளமே குலைஞ்சு போகுது. யோசிச்சுப் பாருங்க, ஒரு ஆராய்ச்சியாளர் காலையில ரத்தம் எடுக்கிறார், இன்னொருத்தர் சாயங்காலம் எடுக்கிறார். ரெண்டு பேருக்கும் வேற வேற விடை. ரெண்டு பேரும் மருந்தோட விளைவுன்னு சண்டை போட்டுக்கிட்டா?

யாருக்கு? இதுதான் எனக்குப் பெரிய அடி. 'ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்'பாங்க. எலி விஷயத்துல இந்தப் பழமொழி செல்லாது. ஆராய்ச்சிக்கூடத்துல அதிகமா இருக்கிறது சி57 பிளாக் 6-னு ஒரு கறுப்பு எலி இனம். தலைமுறை தலைமுறையா அண்ணன் தங்கச்சியைச் சேர்த்தே வளர்த்ததால எல்லாம் ஒரே அச்சு. 1997-ல மெல்பர்ன் குழு வேற வேற இன எலிகளுக்கு ஒரே அளவு ஜி-சிஎஸ்எஃப் கொடுத்துப் பார்த்தாங்க. டிபிஏ/2-ங்கிற இனத்துல செல்கள் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. கறுப்பு எலியில ரொம்ப சுமார். அதே மருந்து, அதே அளவு, அதே கூண்டு. பிறவிதான் வேற.

இதைப் படிச்சப்ப வராண்டாவுல உட்கார்ந்திருந்த அந்தக் காலை நேரம் ஞாபகம் வந்தது. "நாம ஏதாவது தப்பு பண்ணிட்டோமா, சரியா சாப்பிடலையா"ன்னு பெரியம்மா மறுபடி மறுபடி கேட்டுட்டே இருந்தாங்க. இல்லை பெரியம்மா. வயசு, முன்னாடி எடுத்துக்கிட்ட மருந்து, நோய், பிறவி அமைப்பு... எது வேணா காரணமா இருக்கலாம். மனுஷங்கள்லயும் கறுப்பு எலி உண்டு, டிபிஏ எலி உண்டு. யாரோட தப்பும் இல்லை.

'யாருக்கு'ங்கிறதுல இன்னொரு பாடம் ரொம்பக் கசப்பானது. சிக்கிள் செல் ரத்தசோகை உள்ளவங்களுக்கு ஜி-சிஎஸ்எஃப் கொடுத்தப்ப கடுமையான வலி நெருக்கடி, மரணம்கூட நடந்திருக்கு. ஆரோக்கியமான எலியோட ரத்த சிவப்பணு அரிவாள் மாதிரி வளையாது. அது எப்படி எச்சரிக்கை பண்ணும்? கேட்கக் கூடாதவன்கிட்ட கேட்ட கேள்வி. 2023-ல சிக்கிள் செல்லுக்கு கேஸ்ஜெவின்னு ஜீன் திருத்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைச்சுதே, அதுல நோயாளியோட செல்லைக் கிளப்ப ஜி-சிஎஸ்எஃப் கிடையாது, ப்ளெரிக்ஸாஃபார் மட்டும்தான்.

இன்னும் இருக்கு. நம்ம ஆஸ்பத்திரியில ஸ்டெம் செல்லை எண்ணறது சிடி34-ங்கிற அடையாளத்தை வெச்சு. வளர்ந்த எலியோட அசல் ஸ்டெம் செல்லுல அந்த அடையாளம் கிட்டத்தட்ட இருக்காதுன்னு 1996-ல ஜப்பான்ல காட்டினாங்க. அதே பேரு, நேர்மாறான அர்த்தம்! எலியோட மண்ணீரல் ஆயுசு முழுக்க ரத்தம் உருவாக்கும், நம்மளது அப்படி இல்லை. அதனால கிளப்பி விட்ட செல்கள் எலியில மண்ணீரல்ல போய் உட்கார்ந்துக்கும். சில ஆராய்ச்சியாளர்கள் இதுக்காகவே மண்ணீரலை எடுத்துட்டுத்தான் சோதனை பண்றாங்க.

இவ்வளவும் சொன்னப்புறம் முதல் கோஷ்டி கைதட்டும். "அப்ப எலி வேஸ்ட்தானே?"

இல்லை சார். மேல சொன்ன ஃப்ரெனட் குழுவோட இன்னொரு கண்டுபிடிப்பைக் கேளுங்க. 2006. நரம்புக்கு மேல இருக்கிற உறைக்குத் தேவையான ஒரு பொருளை உருவாக்க முடியாத எலி. அதுக்கு ஜி-சிஎஸ்எஃப் கொடுத்தா ஒரு செல்லும் வெளிய வரலை. தேடிப் போனா, ஸ்டெம் செல்லுல ஒரு கோளாறும் இல்லை, *நரம்புல* கோளாறு. எலும்புக்குள்ள ஓடற நரம்பு நாரட்ரினலின் சுரந்து உத்தரவு கொடுத்தாத்தான் வாசல் ஒழுங்கா திறக்குது. ரத்த நோய்க்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்னு அதுக்கு முன்னாடி யாராவது கேட்டிருந்தா சிரிச்சிருப்பாங்க. கண்ணாடித் தட்டுல செல்லை மட்டும் வளர்த்துட்டு இருந்திருந்தா இது வந்தே இருக்காது. தட்டுல நரம்பு ஏது? ராத்திரி பகல் ஏது? எலும்பை விட்டு ரத்தத்துக்குப் *போறது* ஒரு செல்லோட குணம் மட்டும் இல்லை. அது முழு உடம்போட வேலை. முழு உடம்பைக் கேட்கணும்னா முழு உடம்பு ஒண்ணு வேணும்.

இப்ப ரெண்டாவது கோஷ்டிக்கு வர்றேன். இவங்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஒரு எலியில ஸ்டெம் செல் உண்மையிலேயே கிளம்பிச்சான்னு உறுதியாச் சொல்ல, அந்த ரத்தத்தைக் கதிர்வீச்சு கொடுத்த வேற எலிக்கு ஏத்தி, அது பிழைக்குதா, நாலு மாசம் கழிச்சும் அந்த ரத்தம் ஓடுதான்னு பார்க்கணும். ஏத்தினதுல ஸ்டெம் செல் இல்லைன்னா அந்த எலி ரெண்டு வாரம் தாண்டறதே கஷ்டம். ஸ்டான்ஃபோர்டுல 2001-ல ரெண்டு எலிகளோட உடம்பைச் சேர்த்துத் தைச்சு, ஒரே ரத்த ஓட்டமாக்கிப் பார்த்தாங்க. அப்படித்தான் எந்த நேரத்துலயும் ஒரு எலியோட ரத்தத்துல சுமார் 100 ஸ்டெம் செல் சுத்திக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சுது. அரிய உண்மை. ஆனா அந்த ரெண்டு எலியை மனசுல நினைச்சுப் பார்த்தா எனக்கும் ஒரு மாதிரிதான் இருக்கு. அப்படி இருக்கணும்னும் நினைக்கிறேன்.

மாற்று வழிகள் வருது. 2022 டிசம்பர்ல அமெரிக்கச் சட்டம் மாறி, புது மருந்துன்னா விலங்குல சோதிச்சே ஆகணும்ங்கிற கட்டாயம் போச்சு. 2025 ஏப்ரல்ல எஃப்டிஏ, சில வகை மருந்துகள்ல விலங்கு சோதனையைப் படிப்படியா குறைக்கப் போறதா அறிவிச்சுது. நல்லது, வரவேற்கிறேன். இந்த மருந்து எவ்வளவு கொடுத்தா விஷம்ங்கிற மாதிரி 'எவ்வளவு' கேள்விக்கு எலி சரியான ஆளு இல்லைன்னு நானே மேல சொல்லிட்டேனே. ஆனா ஒரு வேடிக்கை. 2014-ல ஹார்வர்டுல ஒரு சின்ன சில்லுக்குள்ள எலும்பு மஜ்ஜையை வாழ வெச்சுக் காட்டினாங்க. பெரிய சாதனை. அந்த மஜ்ஜையை முதல்ல வளர்த்தது எங்கேன்னா... எலியோட தோலுக்கு அடியில.

ஆக என் கருத்து இதுதான். எலியை வெச்சு ஆராய்ச்சி பண்றது கொடுமையா இல்லையாங்கிறதைவிட, பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டு எலியைக் கொல்றதுதான் பெரிய கொடுமை. ஒரே கறுப்பு இனத்துல மட்டும் பார்த்துட்டு "எலிகளில் பலிக்கவில்லை"ன்னு எழுதறது. எந்த நேரத்துல ரத்தம் எடுத்தாங்கன்னு சொல்லாம விடறது. விடை வராத அளவுக்குக் கொஞ்சமா எலி வெச்சு, மறுபடி மறுபடி அதையே செய்யறது. அந்த எலி செத்தது யாருக்கும் பிரயோஜனம் இல்லாம. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-லயே சொல்லிட்டாங்க: முடிஞ்சா மாத்து, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை. நல்ல அறிவியலும் கருணையும் இந்த இடத்துல ஒரே பாதையிலதான் போகுது. எதிரெதிர் கட்சின்னு நாமதான் பிரிச்சு வெச்சிருக்கோம்.

அதனால அடுத்த தடவை "எலிகளில் வெற்றி"ன்னு செய்தி பார்த்தா, அனுப்பறதுக்கு முன்னாடியும் சரி, சலிச்சுக்கறதுக்கு முன்னாடியும் சரி, மூணே கேள்வி கேளுங்க. எந்த எலி? எந்த நேரத்துல, எவ்வளவு? 'ஏன்'னு ஏதாவது புதுசா சொல்லுதா, இல்லை வெறும் 'வேலை செஞ்சுது' மட்டுமா? 'ஏன்' இருந்தா கவனிங்க. அது என்னைக்காவது ஒரு நாள் யாரோ ஒருத்தர் பெரியப்பாவுக்கு ராத்திரி ஊசியா வந்து சேரும். 1996-ல பொறந்தவுடனே செத்துப் போன அந்தக் குட்டிகள் எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி.

பெரியப்பாவுக்குச் செல்களைத் திருப்பி ஏத்தியாச்சு. பதினோராம் நாள் எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சுது. நோய் முழுசா போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லலை, நாங்களும் கேட்கலை. இப்போதைக்கு காலையில நடக்கப் போறார். போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப சமையல் ரூம்ல ஒரு எலி. பெரியம்மா துடைப்பத்தை எடுத்தாங்க. பெரியப்பா திண்ணையில இருந்தே, "விடுடி, அவன் நமக்கு வேண்டப்பட்டவன்"னார்.

பெரியம்மா விடலை, அது வேற விஷயம் :-)

நீங்க எந்தக் கோஷ்டி? பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறதா இருந்தாலும் பரவாயில்லை, ஆனா பதிவை முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.